திருமுழுக்கு ஏட்டில் ஓர் எண்

பங்குத்தந்தையின் இல்லத்தில் பூட்டி வைக்கத்தக்க செல்வம் என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. நான் இரும்பு அலமாரியில் வைத்துக் காப்பவை மூன்று பதிவேடுகள்: திருமுழுக்கு ஏடு, திருமண ஏடு, இறப்பு ஏடு. ஒருவர் பிறந்து, இல்லறம் ஏற்று, மண்ணுக்குத் திரும்பும் வரலாற்றை இம்மூன்றும் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, குன்னூர் மலைச்சரிவுகளை மூடுபனி விழுங்கிக்கொண்டிருந்த வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு, இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல் என்னிடம் வந்தார். அவர் கேட்டது முதல் ஏட்டில் உள்ள ஓர் எண்ணை.

“2003ன்னு இருக்கிற மூணை ஒண்ணாக்கிக் கொடுத்தாப் போதும் சாமி. ஒரே ஒரு எழுத்துத்தானே?”

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம், வீட்டார் அவசரப்படுகிறார்களாம். மகளுக்கு வயது பதினாறு. எனக்குச் சினம் பொங்கியது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தையும், பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்ற வரம்பையும், பொய்ச் சான்று தருவதன் குற்றத்தையும், பொய் சொல்வதன் பாவத்தையும் கால் மணி நேரம் எடுத்துரைத்தேன். நல்ல பிரசங்கம் என்றே அப்போது எண்ணினேன். அந்தத் தாய் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முழந்தாளிட்டு ஆசீர் பெற்றுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். “ஏனம்மா இந்த அவசரம்?” என்று ஒரே ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

அடையாளம் தெரியாதிருக்கும்பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன், அன்பு வாசகர்களே. ஆனால் என் தவற்றை நான் மாற்றி எழுதவில்லை.

அந்தப் பெண்ணைச் சமவெளியில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய், கோயிலும் குருவும் இன்றி மஞ்சள் கயிறு கட்டிவைத்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் அவள் காலத்துக்கு முன்னே வலி கண்டு மலைக்கே திருப்பிக் கொண்டுவரப்பட்டாள். ஏழாம் மாதத்தில் பிறந்த அந்தப் பெண் குழந்தை நான்கு மணி நேரம் உயிரோடிருந்தது. பிரசவ அறையிலிருந்த கத்தோலிக்க நர்சம்மா ஒருவர், குரு வரும்வரை தாங்காது என்று கண்டு, தாமே தண்ணீர் ஊற்றி, தம் தாயின் பெயரை அதற்கு வைத்துத் திருமுழுக்குக் கொடுத்தார். ஆபத்து வேளையில் எவரும் செய்யக்கூடிய பணி அது. மறுநாள் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் இரண்டு சாண் குழியில் அக்குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தேன். திருமுழுக்கு ஏட்டிலும் இறப்பு ஏட்டிலும் ஒரே பெயரை, ஒரே தேதியில் எழுதினேன். பங்குத்தந்தையாய் இருப்பவர்க்கு இது முற்றும் புதிய அனுபவமன்று. ஆயினும் அன்று பேனா நகர மறுத்தது.

மருத்துவமனையார் சட்டப்படி காவல் நிலையத்துக்குத் தெரிவித்தனர். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அறிந்தவர் எவரும் மறைக்கலாகாது என்று பணிக்கிறது. கொழுந்து ஏற்றும் லாரியில் உதவியாளனாய் இருந்த பத்தொன்பது வயது இளைஞன் கைதானான். அவர்களுக்கிடையே இருந்தது அன்பா, அறியாமையா என்று சட்டம் கேட்பதில்லை. பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர் தரும் இசைவு அதன் கண்ணில் இசைவே அன்று. அது சரியா என்று என்னிடம் கேட்டால், அந்த இளைஞனின் தாயை அறிந்தவன் என்ற முறையில் நான் தடுமாறுவேன். பதினாறு வயதுப் பிள்ளைகளை ஏமாற்றும் முதிர்ந்த ஆண்களையும் அறிந்தவன் என்ற முறையில் மறுபடியும் தடுமாறுவேன்.

அந்தப் பெண்ணைப் பார்க்க நான் வார்டுக்குச் சென்றபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வெகு நேரம் கழித்துச் சொன்னாள்: “எனக்கு என்ன ஆகுதுன்னே தெரியல ஃபாதர். ரத்தம் கம்மி, அதனால நின்னு போச்சுன்னு நினைச்சேன். அஞ்சாம் மாசம் அம்மாதான் கண்டுபிடிச்சாங்க.”

அவளுக்கு நற்கருணை முதன்முதலாய் வழங்கியவன் நான். உறுதிபூசுதலுக்கு அவளை ஆயத்தம் செய்தவனும் நானே. பத்துக் கட்டளைகளையும் தடையின்றி ஒப்புவிப்பாள். ஆறாம் கட்டளையில் வரும் மோக பாவம் என்றால் என்னவென்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டபோது, “வளர்ந்தால் தெரியும்” என்று உபதேசியார் சொன்னதையும், அருகிலிருந்த நான் முறுவலித்ததையும் அன்று வார்டின் நாற்காலியில் அமர்ந்து நினைத்துக்கொண்டேன். வளர்ந்தபின் யார் சொல்வார் என்று நாங்கள் இருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

குருமடத்தில் எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அறநெறி இறையியலில் அப்பகுதி வந்தபோது எங்கள் பேராசிரியர் மலைப்பாதை ஓட்டுநர்கள் சறுக்கலான வளைவில் செலுத்துவதுபோல் கவனமாகவும் விரைவாகவும் கடந்து போனார். பழைய அறநெறி நூல்களில், மற்றப் பகுதிகள் நாட்டு மொழியில் இருக்க, ஆறாம் கட்டளை பற்றிய பத்திகளை மட்டும் இலத்தீனிலேயே விட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. படித்தவன் மட்டும் அறியட்டும் என்பது நோக்கம். இலத்தீன் அறியாத தலைமுறையைச் சேர்ந்த எங்களுக்கு அதுவும் இல்லாமற் போயிற்று!

நம் வீடுகளிலும் இதே கதைதான். மகள் பூப்பெய்திவிட்டால் லைன் வீடுகளின் முன்னே பந்தல் போட்டு, மாமன் சீர் வரிசையோடு வர, ஒலிபெருக்கி வைத்து மலைக்கு மலை கேட்கும்படி அறிவிக்கிறோம். இப்போது அவள் படத்தோடு பெரிய பதாகையும் கட்டுகிறார்கள். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, அவள் உடலில் என்ன நிகழ்ந்தது என்பதை அவளுக்கு மட்டும் எவரும் சொல்வதில்லை. “இனி ஆம்பிளைப் பசங்களோட பேசாதே” என்ற ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடுகிறது.

அந்த ஆண்டு மழைக்கால இரவுகளில் பழைய திருமண ஏடுகளைத் திருமுழுக்கு ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலானேன். மணமகள் வயது பதினான்கு, பதினைந்து என்று எத்தனை பதிவுகள்! அக்காலத்து நாட்டுச் சட்டமும் அவ்வளவே கேட்டது. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்றது. 1949இல் அது பதினைந்தாயிற்று. 1978இல்தான் பதினெட்டாக உயர்ந்தது. திருச்சபைச் சட்டமோ இன்றும் பொது விதியாக ஆணுக்குப் பதினாறும் பெண்ணுக்குப் பதினான்கும் என்றே சொல்லி, அந்தந்த நாட்டு ஆயர் பேரவை அதை உயர்த்திக்கொள்ளலாம் என்று விடுகிறது. திருமணம் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாததாயின் ஆயரின் அனுமதியின்றி நடத்தலாகாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. பதிவேடுகளில் முதற்பிரசவத்திலேயே தாயும் சேயும் ஒரே வாரத்தில் இறப்பு ஏட்டுக்கு மாறிய பெயர்களைச் சிவப்பு மையால் குறிக்கத் தொடங்கினேன். சில பக்கங்களுக்குப் பின் குறிப்பதை நிறுத்திவிட்டேன்.

செப்டம்பரில் பங்குப் பேரவையைக் கூட்டினேன். கோயிலுக்குப் பின்னால் உள்ள பழைய மறைக்கல்வி அறையை இளையோர் மையமாக்கி, வளரும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றியும் இனப்பெருக்க நலத்தைப் பற்றியும் தக்கவரைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்றேன். பேரவையில் சிறிது நேரம் தும்மல் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு ஒருவர் எழுந்தார். “கோயில் வளாகத்திலா சாமி இதையெல்லாம்? தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக் கெடுக்கணுமா?” இன்னொருவர், பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்றார். பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி வந்தபோது 2007ஆம் ஆண்டில் பல மாநிலங்கள் அதை வேண்டாமென்று தள்ளிய செய்தியை அவருக்கு நினைவூட்டினேன். பள்ளி வீட்டைக் கைகாட்டுகிறது. வீடு கோயிலைக் கைகாட்டுகிறது. கோயில் பள்ளியைக் கைகாட்டுகிறது. பிள்ளை நடுவில் நிற்கிறது.

திருச்சபை இதைப் பற்றி மௌனமாய் இருந்ததில்லை என்பதைக் காட்ட ஏடுகளையும் கொண்டு சென்றிருந்தேன். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகள் வளர வளர அவர்களுக்கு நேரியதும் விவேகமானதுமான பாலியல் கல்வி தரப்பட வேண்டும் என்று முதற்பகுதியிலேயே கூறுகிறது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பம் பற்றி எழுதிய மடலில், இது முதற்கண் பெற்றோரின் உரிமையும் கடமையும் என்று வலியுறுத்துகிறார். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலின் ஏழாம் அதிகாரத்தில் இதற்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கியிருக்கிறார். எல்லாரும் மரியாதையாய்க் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மனமும் அசைந்ததாகத் தெரியவில்லை.

அசைத்தவர் வேறொருவர். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் முப்பது ஆண்டுகள் ஆயாவாய் இருந்து ஓய்வு பெற்ற பாட்டி, பேரவையில் பேசியே அறியாதவர், இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: “எனக்குப் பதினஞ்சுல கல்யாணம். என்ன நடக்கும்னு எங்கம்மா சொல்லல. முதல் ராத்திரி நான் கதவைத் திறந்துக்கிட்டுத் தேயிலைக்குள்ள ஓடி ஒளிஞ்சேன். விடியவிடிய அங்கதான் இருந்தேன். ஊரே சிரிச்சுது. இன்னும் எத்தனை பிள்ளைங்க ஓடணும்?”

பெற்றோர் கையொப்பமிட்டு இசைவு தந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது. அந்த நிபந்தனை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன்.

யாரைக் கொண்டு கற்பிப்பது? இங்கே எங்கள் மலையின் பழைய அனுபவம் ஒன்று கைகொடுத்தது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், உபாசி என்று நாம் அழைப்பது, 1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெண் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரிலும், அவர் கருவுறாதிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நிர்வாகம் 5 ரூபாய் கணக்கில் சேர்க்கும். மூன்றாம் குழந்தை முதல் ஒவ்வொரு பிறப்புக்கும் அதில் ஒரு பகுதி கழியும். பிள்ளை பெறும் வயது கடந்தபின் தொகை கைக்கு வரும். ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாரின் சிந்தனையில் உதித்த இத்திட்டத்தைப் பற்றி உலகெங்கும் மக்கள்தொகை அறிஞர்கள் எழுதினார்கள். எங்கள் தோட்டம் அம்மூன்றில் ஒன்றன்று. ஆனால் செய்தி மலையெங்கும் பரவியிருந்தது. 1972இல் நான்காம் பிள்ளையாய்ப் பிறந்த என்னைப் பார்த்து என் தாய், நான் குருவான பின்பும், “அந்தத் தோட்டத்துல பொறந்திருந்தா நீ எனக்கு நஷ்டக் கணக்கு” என்று சொல்லிச் சிரிப்பார். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களால் என் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே சொல்வார்.

கருவுறாமைக்கு விலை வைப்பதை நான் ஏற்கவில்லை. நஷ்டக் கணக்காகப் பிறந்தவன் எப்படி ஏற்பேன்? எனினும் அதே நலத்திட்டத்தில் வேறொன்றும் இருந்தது. லைன் வீடுகளிலேயே வாழும் தொழிலாளிப் பெண்களில் சிலரைத் தேர்ந்து பயிற்சி தந்து, ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்துச் சில குடும்பங்களின் நலத்தைக் கவனிக்கும்படி செய்தார்கள். இணைப்புப் பணியாளர் என்று அவர்களுக்குப் பெயர். டாக்டர் சொன்னால் கேளாத தாய், தன்னோடு கூடை சுமப்பவள் சொன்னால் கேட்டாள். இதை நான் அப்படியே கடன் வாங்கினேன். தோட்ட மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நர்சம்மா பெண்பிள்ளைகளுக்கு. அதே மருத்துவமனையின் பழைய கம்பவுண்டர் ஆண்பிள்ளைகளுக்கு. மாதம் ஒருமுறை குன்னூரிலிருந்து ஒரு பெண் மருத்துவர். கதவருகே அந்த ஆயாப் பாட்டி. பங்குத்தந்தைக்கு உரிய பணி, சாவியைக் கொடுத்துவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுவது. இதை நான் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. முதல் ஞாயிறன்று எண்மர் வந்தார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். “சாமி, நீங்க வராந்தாவுல நடந்தாக்கூடப் பிள்ளைங்க வாயை மூடிக்குதுங்க” என்று நர்சம்மா என்னை அறைக்குத் துரத்தினார்.

பெண்பிள்ளைகளின் வகுப்பு இரத்தத்தில் தொடங்கியது. மலையில் பெண்களின் முதல் நோய் இரத்தசோகை. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை எங்கள் பிள்ளைகள் வழியிலேயே தேயிலைத் தூருக்குள் எறிந்துவிட்டு வருவார்கள். அதை விழுங்கினால் பிள்ளை பிறக்காது என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி காரணம். நர்சம்மா அந்த மாத்திரையை அவர்கள் முன் தாமே விழுங்கிக் காட்டி, “எனக்கு மூணு பிள்ளை!” என்றார். சோற்றோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பது குறைந்துபோகும் என்று மருத்துவர் விளக்கியபோது, ஊருக்கெல்லாம் தேயிலை தரும் மலையில் பிறந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். எங்கள் வீடுகளில் காலையில் பழைய சோற்றுக்கும் சாயா, நண்பகலில் ரொட்டிக்கும் சாயா. நானே அன்றுமுதல் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான் தேநீர் பருகுகிறேன்.

மாதவிலக்கைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஆயினும் கூச்சத்தால் விளைந்ததைக் கண்டபின் எழுதாதிருப்பது தகாது. தேயிலைக் காட்டில் காலைமுதல் மாலைவரை நின்று பறிக்கும் பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை. மழையில் நனைந்த துணியோடு, அட்டை கடியோடு அந்நாட்களையும் கழிக்கிறாள். லைன் வீட்டின் கொடியில் அத்துணியை வெயிலில் உலர்த்த வெட்கப்பட்டு இருட்டு மூலையில் போடுகிறாள், அது உலர்வதே இல்லை, நோய் வருகிறது. 2012 முதல் தமிழக அரசு புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின்களை விலையின்றித் தருகிறது. அதை வாங்க அங்கன்வாடி வரை போகவே நாணிய பிள்ளைகளை ஆயாப் பாட்டி கைப்பிடித்து அழைத்துச் சென்றார். தீட்டு நாளில் கோயிலுக்குள் வரலாமா என்று ஒரு பிள்ளை கேட்டதாக நர்சம்மா வந்து சொன்னார். அடுத்த ஞாயிறு மறையுரையில் நானே பதில் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் தம் ஆடையைத் தொட்டபோது ஆண்டவர் விலகவில்லை. மகளே என்று அழைத்தார். அன்று பூசை முடிந்ததும் வயதான சில பெண்கள் என் கையைப் பற்றிக்கொண்டார்கள். இளம்பெண்கள் என்னைப் பார்க்காமலே போய்விட்டார்கள், அதுவும் நன்றே.

அருகிலுள்ள இருளர் குடியிருப்பிலிருந்தும் சிலர் வரத் தொடங்கினர். அரிவாள் வடிவில் இரத்த அணுக்கள் வளையும் பரம்பரைக் கோளாறு நம் நாட்டு மக்களிடையே உண்டு என்பதை 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் முதன்முதல் வெளியிட்டது எங்கள் நீலகிரி மக்களைச் சோதித்துத்தான். அக்கூறு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நோயுற்ற குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மணமுன் பயிற்சியில் ஜெபத்தைப் பற்றி மூன்று நாட்கள் பேசும் நான், இரத்தப் பரிசோதனையைப் பற்றி அதுவரை மூன்று நிமிடமும் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன்.

ஆண்பிள்ளைகளின் அறையில் வேறு விதமான துன்பம். கம்பவுண்டர் ஐயா முதல் வகுப்பு முடிந்து என்னிடம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். நகரத்து லாட்ஜுகளில் மாதம் ஒருநாள் தங்கி, “இளமைத் தவறுகளுக்கு” இலேகியம் விற்கும் வைத்தியர்களை வாசகர்கள் அறிவீர்கள். சுவரொட்டி இல்லாத பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் ஏது? உறக்கத்தில் இயல்பாக நிகழும் ஒன்றை நோயென்று நம்பி, பிளஸ் டூ முடித்துக் கட்டட வேலைக்குப் போன ஒரு பையன் ஆறாயிரம் ரூபாயை அத்தகைய ஒருவரிடம் இழந்திருந்தான். மருந்து தீர்ந்தபின் கடன் வாங்கி மறுபடியும் போகவிருந்தானாம். அது நோயன்று என்று கம்பவுண்டர் ஐயா சொன்னபோது அவன் அழுதுவிட்டான். ஐந்து ஆண்டுகள் தான் செத்துக்கொண்டிருப்பதாக எண்ணியே வாழ்ந்தவன் அவன். என் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வெளியே இப்படி எத்தனை பிள்ளைகள் அஞ்சி நின்றார்களோ!

கடினமான கேள்வியும் வந்தது. எயிட்ஸ் கிருமி நம் நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் என்று சொல்லிக்கொண்டிருந்த மருத்துவரிடம், ஆணுறையைப் பற்றி ஒரு பையன் நேரே கேட்டுவிட்டான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று வகுப்பை நிறுத்திவிட்டு வந்தார். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மனித வாழ்வு பற்றி எழுதிய மடலில் செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்கவில்லை. அதை நான் அறிவேன், போதிக்கிறேன். ஆனால் ஒரு பொருள் நோயைத் தடுக்குமா என்ற கேள்விக்கு மருத்துவர் பொய் சொல்ல வேண்டும் என்று எந்த மடலும் கேட்கவில்லை. “நீங்கள் அறிந்த உண்மையைச் சொல்லுங்கள். திருச்சபையின் போதனையை நான் வந்து சொல்கிறேன். இரண்டையும் அவர்கள் கேட்கட்டும்” என்றேன். அன்று மட்டும் வராந்தாவைத் தாண்டி அறைக்குள் சென்றேன். சக குரு ஒருவர் இதற்காக என்னிடம் இரண்டு மாதங்கள் பேசவில்லை. பிறகு பேசினார், தம் பங்குக்கும் ஒரு நர்சம்மா கிடைப்பாரா என்று கேட்டார்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து கதவை அடைத்தது. ஓராண்டுக்குமேல் அந்த அறையில் எலிகளே குடியிருந்தன. பள்ளிப் பாடத்துக்கென்று கடன் பட்டு வாங்கிய கைபேசிகள் லைன் வீடுகளுக்குள் வந்தன. நாம் இலத்தீனில் மறைத்தவற்றையும் மறைக்காதவற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொய்களையும் அவை பிள்ளைகளுக்குக் காட்டின. மையத்தை மறுபடி திறந்தபோது கேள்விகள் மாறியிருந்தன. யாரோ ஒருவன் படத்தைக் கேட்கிறான், அனுப்பாவிட்டால் மிரட்டுகிறான், என்ன செய்வது என்று பதினாலு வயதுப் பிள்ளை கேட்டால் நர்சம்மாவுக்கும் பதில் தெரியவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். என் தொலைபேசிக்கு அடியிலும் ஒன்று ஒட்டியிருக்கிறேன்.

அந்த முதற் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். இன்று அவள் இந்த மலையில் இல்லை. வேலை செய்து வாழ்கிறாள். கல்லறைத் திருநாளில் வந்து மூலையில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகிறாள். இதற்குமேல் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. அவளுடைய தாய் நெடுநாள் என் பூசைக்கு வராதிருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போய், அன்று கேட்காத கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்தார். ஞாயிறு வகுப்புக்கு அறையைப் பெருக்கிவைக்க இப்போது அவர்தான் வருகிறார்.

கடந்த ஜனவரியில் ஒருநாள், புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்துக்கிடந்த விடியற்காலையில், காலைப் பூசைக்கு முன்பே ஒரு பெண்பிள்ளை சால்வையைப் போர்த்திக்கொண்டு அலுவலகப் படியில் அமர்ந்திருந்தாள். மையத்துக்கு வருபவள். தனியாகத்தான் வந்திருந்தாள்.

“ஃபாதர், எனக்குப் பதினேழு வயசுதான்னு ஒரு எழுத்து வேணும்.”

மாமன் மகனுக்கு முடிவாகிவிட்டதாம். தை முடிவதற்குள் நாள் குறித்திருக்கிறார்களாம். பள்ளிச் சான்றிதழை அப்பா எடுத்து ஒளித்துவிட்டாராம். இம்முறை நான் பிரசங்கம் செய்யவில்லை. உட்காரச் சொல்லி, உண்டாயா, அடித்தார்களா, இந்தத் திருமணத்தில் உனக்கு விருப்பம் உண்டா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டேன். 1098க்குச் சொல்லலாமா என்றபோது, நேற்றிரவே நர்சம்மா வீட்டுத் தொலைபேசியிலிருந்து சொல்லிவிட்டதாகவும், இன்று பத்து மணிக்கு அவர்கள் வருவதாகவும், வந்தால் காட்டக் காகிதம் வேண்டுமே என்றுதான் வந்ததாகவும் சொன்னாள்.

அலமாரியைத் திறந்து, ஏட்டை எடுத்து, அவள் பெயருள்ள பக்கத்தைக் கண்டுபிடித்தேன். என் கையெழுத்தேதான். பிறந்த தேதியை இருமுறை சரிபார்த்துப் படிவத்தில் எழுதி, முத்திரையிட்டு, மை உலரும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இதுக்கு எவ்வளவு ஃபாதர்?” என்றாள், சுருட்டி வைத்திருந்த இருபது ரூபாய்த் தாளை நீட்டி.

வேண்டாம் என்று சொல்லி, காகிதத்தை நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கொடுத்தேன். வெளியே இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் உறையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, பூசை முடியும்வரை கோயிலிலேயே இருக்கலாமா என்று கேட்டாள்.